பேர் கொடுக்காத தங்கப்பூ

"குருவானவருக்கு ஊர்ல என்னம்மா வேலை?"

ஞானாபரணம் ஐயா இந்தக் கேள்வியை முதல் தடவை கேட்டபோது கிருபாவதி ஆயரம்மா தன் வெள்ளை அங்கிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை கேட்டபோது, "ஊசி எங்கேயோ விழுந்துடுச்சு, கொஞ்சம் பாருங்க" என்றார். ஐயா முட்டி போட்டுத் தேடிக்கொண்டே மூன்றாவது தடவையும் கேட்டார். பக்கத்தில் மெழுகுவத்தித் தண்டு துடைத்துக்கொண்டிருந்த எனக்கே எரிச்சல் வந்துவிட்டது. மனுஷனுக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது.

நான் மாசிலாமணி. இந்த நல்லாண்டகரைக் கோயிலுக்குக் கோயில்குட்டி. மணி அடிப்பது, பெருக்குவது, திருவிருந்துப் பாத்திரம் துலக்குவது எல்லாம் நான்தான். பேரில்தான் குட்டி, வயது அறுபத்தொன்று. இருபத்தெட்டு வருஷத்தில் ஆறு ஆயர்களைப் பார்த்துவிட்டேன். ஆறாவதாக வந்தவர்தான் ஆயரம்மா. அவருக்கு வயது நாற்பத்திரண்டு. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த ஞானாபரணம் ஐயாவுக்கு ஐம்பத்தாறு. சீடர் குருவைவிடப் பதினாலு வயது மூப்பு! ஊரே வாயில் விரல் வைத்தது.

ஐயா தாசில்தாராக இருந்தவர். எட்டு வருஷ சர்வீஸ் மீதி இருக்கும்போதே வேலையை உதறிவிட்டு, நரைத்த தலையோடு வேதசாஸ்திரக் கல்லூரியில் போய் பெஞ்சில் உட்கார்ந்து படித்து, பயிற்சிக் குருவாக எங்கள் ஊருக்கு வந்தார். மே மாதக் கடைசி ஞாயிறு பேராயர் வந்து அவர் தலையில் கைவைத்துக் குருப்பட்டம் கொடுக்க வேண்டும். அந்த ஒரு நாளுக்காகத்தான் ஜீப்பு, சலாம், அதிகாரம் அத்தனையும் விட்டார். அது கிடைக்காமல் போனால் அவருக்குப் போக்கிடம் கிடையாது. அவர் வீட்டம்மா, "பட்டம் நிச்சயமானப்புறம் சொல்லி அனுப்புங்க, வர்றேன்" என்று மகள் வீட்டோடு இருந்துவிட்டார்.

அதனால்தானோ என்னவோ, மனுஷனுக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது. கோயிலுக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பார். நான் பெருக்கின இடத்திலேயே மண் காலோடு வருவார். சொன்னால், "மன்னிச்சுக்கோ மாசிலாமணி" என்று காலைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி நடப்பார்.

அங்கி அறைச் சுவரில், இங்கே ஆயர்களாக இருந்த பழைய ஐயர்மார்களின் படங்கள் ஏழு மாட்டியிருக்கிறது. ஊசி தேடுவதை விட்டுவிட்டு ஐயா அவற்றின் முன்னால் போய் நின்றார்.

"இவரைப் பாருங்க, பஞ்சத்துல கஞ்சித்தொட்டி திறந்தார். இவர் பொம்பளைப் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டினார். இவர் துரைமாரை எதிர்த்து நின்னு குடிதண்ணிக் குளத்தை மீட்டார். நாம என்னம்மா செய்யறோம்? ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம். மறுபடி ஞானஸ்நானம்."

ஆயரம்மா நிமிர்ந்து படங்களைப் பார்த்தார்.

"இவங்கெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் என்ன செஞ்சாங்க?"

"அது எங்கேயும் எழுதி வைக்கலையேம்மா."

"பேர் எழுதினாங்க."

அவ்வளவுதான். நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

பேர் எழுதுவது எங்கள் லுத்தரன் சபையில் தாத்தா காலத்து வழக்கம். பல ஊரில் விட்டுவிட்டார்கள். இங்கே விடவில்லை. மாதக் கடைசி ஞாயிறு திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வாங்க நினைக்கிறவர்கள் முந்தின நாள் சாயங்காலம் அங்கி அறைக்கு வந்து பேர் கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கிறவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "யாரோடயாவது மனஸ்தாபம் உண்டா?" இல்லை என்றால் பேர் பதிவேட்டில் ஏறும். உண்டு என்றால் போய்ச் சமாதானம் கேட்டுவிட்டு வரவேண்டும். எத்தனையோ மாமியார் மருமகள் சண்டை அந்த வாசற்படியில் தீர்ந்திருக்கிறது. சில சண்டை அங்கேயே புதிதாகத் தொடங்கியும் இருக்கிறது, அதை ஏன் கேட்கிறீர்கள்!

ஐயா வந்து ஒரு மாதம் கழிந்ததும் சனிக்கிழமை வேலையை ஆயரம்மா அவரிடம் ஒப்படைத்துவிட்டார். ஐயா அதைத் தாலுகா ஆபீஸ் மாதிரி நடத்தினார். "பேர்? மனஸ்தாபம்? சரி, அடுத்து. பேர்? மனஸ்தாபம்? அடுத்து." நாற்பது பேரை அரை மணியில் அனுப்பிவிட்டு மறுபடி நடக்கக் கிளம்பிவிடுவார். மறுநாள் ஆராதனையில் ஆயரம்மா அப்பம் கொடுப்பார், ஐயா வெள்ளை அங்கியோடு ரசக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

எட்டு மாதம் இப்படிப் போனது.

ஏப்ரல் மாதம் ஒரு நாள் காலையில் கையில் ஒரு தாளோடு வந்தார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"எட்டு மாசப் பதிவேட்டையும் புரட்டிட்டேன்மா. வாரம் தவறாம கோயிலுக்கு வர்றாங்க, ஆனா ஒரு தடவைகூடப் பேர் கொடுக்கலை. ஒன்பது பேர்."

"சரி."

"ஒரு வருஷம் தாண்டினா சபையில ஓட்டு போயிடும்னு விதி இருக்கு. ஆளுக்கொரு நோட்டீஸ் அனுப்பிடட்டுமா?"

"நோட்டீஸ் வேண்டாம். நீங்க போங்க."

போனார். வழிகாட்ட என்னையும் இழுத்துக்கொண்டு போனார், வெயிலில்! ஒருத்தருக்கு முட்டிவலி, பீடப்படியில் மண்டியிட முடியாது. நின்றுகொண்டே வாங்கலாம் என்று ஐயா சொன்னதும் மனுஷன் அழாத குறை. இன்னொருத்தர் குடியை விட்டவர், ரசத்தின் வாசனை பட்டால் பழைய புத்தி வந்துவிடுமோ என்று பயம். அப்பம் மட்டும் போதும் என்றார் ஐயா. ஒரு அம்மாளுக்குத் தங்கச்சியோடு சண்டை, எதற்குச் சண்டை என்பது இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது. எட்டு வீட்டிலும் காரியம் முடிந்தது. ஐயாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பாத்தியா மாசிலாமணி, நேர்ல வந்தாத்தான் வேலை நடக்கும்" என்றார். அதை ஆயரம்மாதானே சொன்னார் என்று நான் சொல்லவில்லை.

ஒன்பதாவது வீடு தங்கப்பூவுடையது.

தங்கப்பூ கீற்று முடைகிறவள். வயது அறுபதை ஒட்டி இருக்கும். கோயிலிலிருந்து மூன்று மைல் தள்ளி மேட்டுத்தெருவில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த ஒற்றை அறை வீடு. ஞாயிறு தவறாமல் நடந்தே வந்துவிடுவாள். திருவிருந்து நேரம் எல்லாரும் எழுந்து பீடத்துக்குப் போவார்கள், அவள் மட்டும் மடியில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நானும் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை. கேட்டால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும், அவள் வாய் அப்படி.

"வாங்க" என்றாள். பாய் விரித்தாள். இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்தாள். மறுபடி கீற்றில் கைவைத்தாள்.

"எட்டு மாசமா பேர் கொடுக்கலையே, ஏம்மா?" என்றார் ஐயா.

"காரணம் இருக்குங்கய்யா."

"என்னன்னு சொன்னா நல்லது."

"உங்ககிட்ட சொல்ற காரணம் இல்ல."

"உடம்புக்கு ஏதாவது?"

"உடம்பு கல்லு மாதிரி இருக்கு."

"யாரோடயாவது மனஸ்தாபமா?"

முடைந்த கை நின்றது. ஐயாவின் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வெயில் ஏறுது. பொழுதோட போய்ச் சேருங்க" என்றாள்.

திரும்பி வந்ததும் ஐயா நேரே ஆயரம்மாவிடம் போனார்.

"தங்கப்பூவுக்கு என்ன பிரச்சனைன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும். பாவ அறிக்கையில சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"அது என்னோட மண்ணுக்குப் போகும்."

"நானும் குருவாகப் போறவன்தானே?"

"அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கணுமே, சொல்லக்கூடாதுன்னு."

ஐயா வாயை மூடிக்கொண்டார். காலைத்தான் மூட முடியவில்லை. அந்த வாரம் முழுக்க நடந்தார். விசாரணை வேறு வைத்தார். எதிர்வீட்டோடு வாய்த்தகராறா? மருமகனோடா? கோயில் கமிட்டியில் யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா? என்னையும் நிற்க வைத்துக் கேட்டார். "நீ ஏதாவது பேசித் தொலைச்சியா?" எனக்கு வந்த கோபத்துக்கு விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவர் கண்ணைப் பார்த்தால் பாவமாக இருந்தது. ராத்தூக்கம் இல்லாத கண்.

சனிக்கிழமை வந்தது. அன்றைக்கு நாற்பத்தேழு பேர். புதிதாக எட்டுப் பேர் வந்ததில் ஐயாவுக்குக் கொஞ்சம் தெம்பு. கடைசி ஆளும் போனபிறகு பதிவேட்டை மூடப்போனார். அப்போது ஆயரம்மா உள்ளே வந்து, பேர் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தார்.

"ஏதாவது வேணுமாம்மா?"

"பேர் கொடுக்க வந்தேன்."

"நீங்களா? அப்பம் கொடுக்கறவங்களே நீங்கதானே?"

"கேள்வியைக் கேளுங்க."

ஐயா சிரித்தார். மூலையில் கிண்ணம் துலக்கிக்கொண்டிருந்த நானும் சிரித்தேன். ஆயரம்மா சிரிக்கவில்லை.

"சரி. யாரோடயாவது மனஸ்தாபம் உண்டா?"

"உண்டு."

"யாரோடம்மா?"

"உங்களோட."

என் கையில் கிண்ணம் வழுக்கியது. நல்லவேளை, மடியில் விழுந்தது.

"என்னோடயா? நான் என்னம்மா செஞ்சேன்?"

"நீங்க வந்த முதல் நாள் நான் வாசல்ல நின்னேன். பெட்டியை என் கையில கொடுத்துட்டு, 'ஐயர் உள்ள இருக்காரா? கொஞ்சம் கூப்பிடும்மா'ன்னு சொன்னீங்க. நான்தான் இந்த ஊர் ஆயர்னு சொன்னேன். 'ஓ'ன்னு ஒரு சத்தம் போட்டீங்க. அந்தச் சத்தம் இன்னும் எனக்குள்ள கிடக்குது."

ஐயாவின் முகம் சுருங்கிப் போனது.

"சத்தியமா எனக்கு ஞாபகமே இல்லம்மா."

"எனக்கு இருக்கு."

ஐயா எழுந்து நின்றார். கைகூப்பினார். "தப்புதான். மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சாச்சு. இப்ப என் பேரை எழுதுங்க."

எழுதினார். எழுதி முடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு மாசமா இந்த நாற்காலியில உட்கார்ந்து எத்தனை பேரைக் கேட்டிருக்கேன். ஒருத்தர்கூட என்மேல வருத்தம்னு சொன்னதில்லையேம்மா."

"பேனா உங்க கையில இருந்துச்சே" என்றார் ஆயரம்மா.

ஐயா திடீரென்று நாற்காலி சாய வெளியே ஓடினார். "மாசிலாமணி, சைக்கிளை எடு!"

ஆயரம்மா தன் சொந்த வருத்தத்தைத்தான் சொன்னார். தங்கப்பூ பேரை உச்சரிக்கக்கூட இல்லை. இது ரகசியத்தைச் சொன்னதில் சேருமா சேராதா என்பதைப் படித்தவர்கள் முடிவு பண்ணட்டும், எனக்குத் தெரியாது.

மேட்டுத்தெருவுக்குப் போனபோது வெயில் இன்னும் இருந்தது. ஐயா உள்ளேகூடப் போகவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்.

"மனஸ்தாபம் என்னோடயாம்மா?"

தங்கப்பூ வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்."

"என்ன செஞ்சேன்னு சொல்லுங்க."

"பதினோரு வருஷம் ஆச்சு. அப்ப நீங்க இந்தத் தாலுகாவுக்குத் தாசில்தாரு. வாய்க்கால் கரையில எங்க குடிசைங்க இருந்துச்சு. எடுக்கச் சொல்லி உத்தரவோட வந்தீங்க. புறம்போக்குதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அன்னைக்கு எங்க வாசல்ல பந்தல் போட்டிருந்துச்சு. வாழைமரம் கட்டியிருந்துச்சு. எம்பொண்ணு எமிமாளுக்கு வியாழக்கிழமை கல்யாணம். நீங்க வந்தது திங்கக்கிழமை."

தங்கப்பூ கையிலிருந்த ஓலையைக் கீழே வைத்தாள்.

"கால்ல விழுந்தேன். நாலு நாள் கொடுங்க சாமி, வெள்ளிக்கிழமை காலையில நாங்களே பிரிச்சு எடுத்துக்கறோம்னு சொன்னேன். நீங்க ஜீப்பை விட்டு இறங்கல. 'உத்தரவுல நாள் எல்லாம் பாக்க முடியாதும்மா'ன்னீங்க. மரியாதையாத்தான் சொன்னீங்க. அப்புறம் கையைக் காட்டினீங்க. ஜேசிபி வந்து மொதல்ல பந்தலைத்தான் எடுத்துச்சு."

"கல்யாணம்…?"

"நடந்துச்சு. பள்ளிக்கூட வராந்தாவுல. நடுத்தெருவுல தாலி கட்டின பொண்ணுன்னு மாப்பிள்ளை வீட்டுல இன்னைக்கும் சொல்லிக் காட்டறாங்க. அவமானம் தாங்காம எம்பொண்ணு இந்த ஊரு மண்ணை மிதிக்கறதே இல்ல. பேரப்பிள்ளைங்களை போட்டோவுலதான் பாக்கறேன்."

குரல் உடையவில்லை அவளுக்கு. குடிசை எடுத்த அன்றைக்கு நானும் அங்கே ஓடிப்போய் நின்றவன்தான். ஜீப்பில் வந்த எல்லாருமே எங்கள் கண்ணுக்கு ஆபீசர்கள்தான், எந்த முகம் யாருடையது என்று யார் கண்டது? அவள் கண்டிருக்கிறாள்.

"அதுக்கப்புறமும் திருவிருந்து வாங்கிக்கிட்டுத்தான் இருந்தேன். அந்த ஆபீசர் எங்கயோ இருக்கான், ஆண்டவர் பாத்துக்குவாருன்னு விட்டுட்டேன். போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை பீடத்துக்கு வர்றதுக்கு எந்திரிக்கறேன், நீங்க வெள்ளை அங்கி போட்டுக்கிட்டுக் கிண்ணத்தைப் பிடிச்சு நிக்கறீங்க. சிரிச்ச மொகமா. உக்காந்துட்டேன். அன்னையிலிருந்து எந்திரிக்க முடியல."

ஐயா அப்போது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"அது கோர்ட்டு உத்தரவும்மா. நான் செய்யலைன்னா வேற ஒருத்தர் வந்து செஞ்சிருப்பார்."

"செஞ்சிருப்பாரு" என்றாள் தங்கப்பூ. "அந்த வேற ஒருத்தர் இங்க கிண்ணம் பிடிக்க வரலையே."

திரும்பும்போது ஐயா சைக்கிளில் ஏறவில்லை. மூன்று மைலும் நடந்தார், நான் உருட்டிக்கொண்டே பின்னால் வந்தேன். கோயில் வாசலில் ஆயரம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஐயா எல்லாவற்றையும் கொட்டினார். நாலு நாள், பந்தல், ஜேசிபி, ஒன்று விடாமல்.

"முப்பத்தேழு குடிசைன்னு எண்ணிக்கை ஞாபகம் இருக்கும்மா. பந்தல் ஞாபகம் இல்ல. அந்தம்மா முகம் ஞாபகம் இல்ல. நான் சட்டப்படிதான் செஞ்சேன். சட்டப்படி செஞ்சதுக்கு மன்னிப்புக் கேக்கணுமா?"

"என்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களே, அது எந்தச் சட்டப்படி?"

ஐயா தன் அறைக்குப் போனார். மறுநாள் ஆராதனையில் கிண்ணம் பிடிக்க வரவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினார். கிண்ணத்தையும் ஆயரம்மாவே பிடித்தார். ஆனாலும் தங்கப்பூ எழுந்திருக்கவில்லை. பேர் கொடுக்கவில்லையே, எப்படி எழுந்திருப்பாள்?

மே மாதம் முழுக்க ஐயா என்னையும் படுத்தி, தன்னையும் படுத்தினார். குளிப்பார், சாப்பிட மறந்துவிடுவார். பட்டத்துக்குப் படிக்க வேண்டிய புத்தகம் திறந்தபடியே கிடக்கும். என்னையும் கூட்டிக்கொண்டு மூன்று தடவை மேட்டுத்தெருவுக்குப் போனார்.

முதல் தடவை ஒரு மனுவோடு போனார். தெரிந்த அதிகாரிகள் மூலம் நல்ல இடமாகப் பார்த்துப் பட்டா வாங்கித் தருவதாகச் சொன்னார். "உங்ககிட்ட பட்டா கேட்டேனா?" என்றாள். மனுவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இரண்டாவது தடவை அவள் எதிரே உட்கார்ந்து கீற்று முடையப் பார்த்தார். பேனா பிடித்த கை, ஓலை நுனியில் கிழித்துக்கொண்டது. "அய்ய, கொடுங்க இப்படி" என்று அவள் பிடுங்கிக்கொண்டாள். அவர் முடைந்த அந்தக் கோணல் கீற்றைப் பிரித்து மறுபடி முடைந்தாள்.

மூன்றாவது தடவை, பட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, தரையில் மண்டியிட்டுக் கேட்டார்.

"அன்னைக்கு ஜீப்பை விட்டு இறங்காதது தப்பு. நாலு நாள் கொடுக்காதது பெரிய தப்பு. உத்தரவுல நாள் பாக்க முடியாதுன்னு சொன்னது பொய். நான் நினைச்சிருந்தா தள்ளிப்போட்டிருக்க முடியும். எனக்கு அன்னைக்கே முடிக்கணும், அவ்வளவுதான். மன்னிச்சிடுங்கம்மா."

தங்கப்பூ அவரை எழுப்பிவிட்டாள். மோர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

"மன்னிச்சேன்னு வாயால சொல்லிடலாம்யா. உங்களைப் பாத்தா எனக்கும் பரிதாபமாத்தான் இருக்கு. ஆனா இன்னும் உள்ள இறங்கல. இறங்காம சொல்லிட்டு பீடத்துல வந்து கைநீட்டினா, நான் பொய் சொன்னவளாயிடுவேன். பாப்போம்."

மறுநாள் சனிக்கிழமை. பேராயர் பக்கத்து ஊருக்கு வந்து இறங்கிவிட்டார். பந்திக்கு இலை வந்துவிட்டது. புது அங்கி வெள்ளை வெளேரென்று ஆணியில் தொங்கியது. பட்டம் வாங்குகிறவரும் திருவிருந்துக்குப் பேர் கொடுத்தாக வேண்டும், அதற்கு விலக்கு கிடையாது. இந்தத் தடவை ஆயரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். ஐயா முக்காலியில். நான் கதவோரம் நின்றேன். என்னை யாரும் போகச் சொல்லவில்லை, நானும் போகவில்லை.

"யாரோடயாவது மனஸ்தாபம் உண்டா?"

"எனக்கு யாரோடயும் இல்லம்மா. என்மேல ஒருத்தருக்கு உண்டு."

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"பாப்போம்னாங்க."

ஆயரம்மா பதிவேட்டைத் திறந்தார். "வழக்கப்படி, மன்னிப்புக் கேட்டவரோட பேரை எழுதலாம். மன்னிக்கிறதும் மன்னிக்காததும் அவங்க பாடு. எழுதட்டுமா?"

ஐயா அந்தப் பேனாவைப் பார்த்தார்.

"எழுதினா நாளைக்கு நான் குரு."

"ஆமா."

"நான் கிண்ணத்தோட நிப்பேன். அவங்க உட்கார்ந்திருப்பாங்க."

"ஆமா."

"எழுதலைன்னா?"

"பேராயர் திரும்பிப் போவார். மறுபடி எப்ப கூப்பிடுவார்னு எனக்குத் தெரியாது. கூப்பிடாமலும் போகலாம்."

ஐயா எழுந்தார். அந்தச் சின்ன அறையிலேயே நடக்க ஆரம்பித்தார். ஜன்னலுக்கும் கதவுக்கும், கதவுக்கும் ஜன்னலுக்கும். ஒரு தடவை புது அங்கியின் கை அவர் தோளில் உரசியது, விலகிக்கொண்டார். ஐயோ, எழுதச் சொல்லிவிட்டுப் போயேன் மனுஷா என்று எனக்குள்ளேயே கத்தினேன். எழுதினால் ஒருத்தரும் கேள்வி கேட்கப் போவதில்லை. ஊரே மாலையோடு காத்துக்கிடக்கிறது. அவர் வீட்டம்மா காலை ரயிலில் வந்து இறங்கியாகிவிட்டது.

"வேண்டாம்மா, எழுதாதீங்க" என்றார்.

ஆயரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை.

ஐயா இரண்டு எட்டு நடந்துவிட்டு, ஓடிவருகிற மாதிரி மேசைக்குத் திரும்பினார். இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். குரல் கெஞ்சியது. அந்தக் குரலை நான் அவரிடம் அதற்கு முன் கேட்டதில்லை.

"அம்மா, பேராயர் வியாழக்கிழமை வரைக்கும் பக்கத்து ஊர்லதான் இருக்கப்போறார். நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பார். ஒரேயடியா நிறுத்த வேண்டாம், தள்ளி வெச்சாப் போதும். தங்கப்பூம்மா மனசு இளகிக்கிட்டுத்தான் இருக்கு. நேத்து எனக்கு மோர்கூடக் கொடுத்தாங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். எனக்கு நாலு நாள் கொடுங்கம்மா. நாலே நாள்."

சொன்னது காதில் விழுந்ததும் அவர் கை மேசையை விட்டு நழுவியது.

ஆயரம்மா பதிவேட்டை மூடினார்.

"அந்த நாலு நாள் என்கிட்ட இல்ல ஐயா. அவங்ககிட்டப் போய்க் கேளுங்க."